எட்டாம் வகுப்பு அறையில் ஊசி போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, கொரோனாவால் மூடப்பட்ட எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி 19 மாதங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்காகத் திறந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாக மாணவர்களாக உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் எட்டாம் வகுப்பு அறை வாசலைத் தாண்ட மறுத்து, "இது ஊசி போடுற எடம், நான் வரமாட்டேன்" என்று அழுதாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை வந்தபோது அவள் பார்த்த பள்ளிக்கூடம், தடுப்பூசி மருந்து வைக்கும் நீல நிறப் பெட்டியும் நாற்காலிகளும் போட்டிருந்த, கொரோனா தடுப்பூசி போடும் அறை. அந்த அறையை அப்படி ஆக்கியவர்களுக்கு நன்றி சொல்வதற்காகவே, பள்ளியின் தலைமை ஆசிரியன் என்ற முறையிலும் இவ்வூர்க்காரன் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன்.

இவ்வாண்டு மே மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மே 10-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. 21-ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. 24-ஆம் தேதி முதல் மளிகைக் கடைகளும் அடைக்கப்பட்டு, காய்கறி வண்டியில் தெருவுக்கு வந்தது. ஜூன் மாதம் தளர்வுகள் தொடங்கியபோதும் தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு அவை குறைவாகவே கிடைத்தன. எங்கள் ஈரோடு மாவட்டம் அந்தப் பதினொன்றில் ஒன்று. மற்ற மாவட்டங்களில் பேருந்து ஓடத் தொடங்கிய பிறகும் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஆடுகள்தான் படுத்திருந்தன. ஜூலை 5-ஆம் தேதி மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரியான தளர்வுகள் வந்த பிறகுதான் எங்களுக்குப் பேருந்தைப் பார்க்கும் பேறு கிடைத்தது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் மே 8-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததையும், இரண்டே நாளில் பேருந்துகள் நின்றுபோனதையும், அந்தச் சலுகையை எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு மாதம் கழித்தே முதன்முதலாக அனுபவித்ததையும் இங்கே சொல்லாமல் போனால் அவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒருபுறம், டோக்கன் வாங்க விடியற்காலை மூன்றரை மணிக்கே செருப்பை வரிசையில் விட்டுவிட்டுத் திண்ணையில் காத்திருந்து, பிறகு "இன்று மருந்து வரவில்லை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள்; ஜூன் தொடக்கத்தில் மாநிலத்தின் கையிருப்பே தீர்ந்து முகாம்கள் நின்ற நாட்கள் அவை. மறுபுறம், சுகாதாரத் துறையின் ஜீப் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகக் காட்டுப் பக்கம் நடையைக் கட்டியவர்களும் இருந்தார்கள். நடிகர் விவேக் ஏப்ரல் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டு, 17-ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தது அவர்கள் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு சொன்ன செய்தி கடந்த மாதம்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆறு மாதமும் அந்தப் பயத்துக்கு முகம் கொடுத்தவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர்.

என் முதல் நன்றி அவருக்கு. அவர் யாரையும் திட்டியதில்லை, நான் திட்டியிருக்கிறேன். என் தாயாருக்கு வயது 74, சர்க்கரையும் உண்டு. மூன்று மாத காலம் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, எதிர்ப்பு சக்தி உருவாகும் விதத்தைப் படம் போட்டு விளக்கியும், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தும் பார்த்தேன். அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஊசி போடவும் வரவில்லை. செவிலியரோ நான்கு முறை வந்தார். நான்கு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தார், எருமை கன்று போட்டதா என்று விசாரித்தார், போகும்போது மட்டும், "எப்பத் தோணுதோ அப்ப வாங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை. கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும்; திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் செவிலியர் ஆட்களை எண்ணிப் பார்க்காமல் குப்பியைத் திறக்க மாட்டார். திறந்ததும் நேரத்தைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வைப்பார். அன்று பத்துப் பேர் வருவதாகச் சொல்லி ஒன்பது பேர்தான் வந்தார்கள். நேரம் நெருங்க நெருங்க, தண்ணீர்த் தொட்டி இயக்குபவரைத் தறிக்குடோனுக்கும் ரேஷன் கடைக்குமாக மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கு எதிர்வீடு எங்களுடையது. திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்ன அம்மிணி, ஆளு வரலீன்னா அது என்னாகும்?" என்று குரல் கொடுத்தார். "கணக்கெழுதிட்டு ஒதுக்கிர வேண்டியதுதானுங்க ஆத்தா" என்றார் செவிலியர். "இத்தனை பாடுபட்டுக் கொண்டாந்ததை வீணாக்குவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்த அம்மா, தெருவைக் கடந்து போய், சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். பழைய சோற்றைக்கூடக் கீழே கொட்டாத கை அது. பத்தாவது ஆள் அவர்தான். அரை மணி நேரம் உட்காரச் சொன்னபோது, வந்தது வந்தோம் என்று அங்கே இன்னும் உட்கார்ந்திருந்த மூன்று பேரிடமும் ஊர்க்கதை பேசி முடித்துவிட்டே எழுந்தார். 84 நாள் கழித்து, அக்டோபரில், இரண்டாம் தவணைக்கு அவராகவே கிளம்பிப் போனார்.

பதிவு செய்த தம்பிக்கு அடுத்த நன்றி. தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையதளத்தில் ஒரு கைபேசி எண்ணுக்கு நான்கு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. எங்கள் காலனியில் ஏழு பேர் உள்ள வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் காலையில் தறிக்குப் போகிறவரின் சட்டைப் பையில் போய்விடும். அத்தகையவர்களுக்காகத் தம் எண்ணையும் தம் அக்கா, தாய்மாமன் எண்களையும் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் வந்த ஓடிபிகளுக்கும் பதில் சொன்னவர் அவர். வேறோர் ஊரில் நடந்த முகாமில் ஊசி போட்ட பெண்ணொருத்தியின் சான்றிதழில் ஆண் என்று பதிவாகி, அதைத் திருத்த அவர் எத்தனை முறை முயன்றார் என்பதை அந்தப் பெண் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

விசைத்தறிக் கூடங்களில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் எங்களுடைய தமிழ் விளக்கங்கள் செல்லுபடியாகவில்லை. தான் முதலில் போட்டுக்கொண்டு, மறுநாள் காய்ச்சலோடு தறியில் நின்று காட்டி, மூன்றாம் நாள் தன் அறைத் தோழர்கள் பதினொரு பேரையும் அழைத்துவந்த ஒடியா இளைஞருக்கு, அவர் மொழியில் நன்றி சொல்லத் தெரியாத குறையை இம்மடலில் ஒப்புக்கொள்கிறேன். காய்ச்சலோடு வேலை செய்திருக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று அவருக்குக் கூலியோடு விடுப்பு கொடுத்திருக்கலாம்.

செப்டம்பர் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்த முதல் மெகா முகாமில் தமிழகம் முழுவதும் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அந்த எண்ணிக்கையில் எங்கள் எட்டாம் வகுப்பு அறையின் பங்கும் உண்டு. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய முகாமுக்கு ஆறு மணிக்கே மேசைகளைத் துடைத்து வைத்தவர்கள் எங்கள் தூய்மைக் காவலர்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு அறையைக் கழுவிவிட்டதும் அவர்களே. இடையில் அவர்களுக்கு யாரும் தேநீர் கொடுக்கவில்லை என்பதைச் சத்துணவு அமைப்பாளர்தான் கவனித்தார். பிற்பாடு முகாம் சனிக்கிழமைக்கு மாறியபோது, ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் அதனோடு சேர்ந்த மற்றதையும் விட மனமில்லாத எங்கள் ஊர் ஆண்களுக்காகவே மாற்றினார்கள் என்று செவிலியர் சிரித்தார். மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுதான்.

இந்த 2021 நவம்பரில் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊசி இல்லை. அவர்கள் வயதினருக்கு ஊசி போடும் பணி இன்னும் தொடங்கவில்லை. ஊசி போட்டுக்கொண்ட ஆசிரியர்களும், சமைக்கிறவர்களும், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளும் சுற்றி நிற்கிற தைரியத்தில்தான் நாங்கள் பள்ளியைத் திறந்திருக்கிறோம். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடும் பழக்கம் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது, அது வேறு கதை.

அழுத சிறுமி மூன்றாம் நாள் எட்டாம் வகுப்பு அறையைத் தானே எட்டிப் பார்த்து, நீலப் பெட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் வகுப்புக்குப் போனாள். ஊரில் இரண்டாம் தவணை நிலுவையில் உள்ளவர்கள் இன்னும் 17 பேர் இருப்பதாகச் செவிலியரின் குறிப்பேடு சொல்கிறது. வரும் சனிக்கிழமை அவருக்கு அந்த அறை வேண்டுமாம். மேசையை ஜன்னலோரம் போட்டு வைத்திருக்கிறோம். சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது. தூய்மைக் காவலர்களுக்குத் தேநீர் இம்முறை எங்கள் வீட்டிலிருந்து வரும், அம்மா சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தலைமை ஆசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
ஈரோடு மாவட்டம்.
நவம்பர் 2021