கொம்பு முளைத்த இஞ்சி

ஜெர்மனி,
நவம்பர் 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டுதான். அரிசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘ஒருசா’ நம் ‘அரிசி’யிலிருந்து போனது என்று கட்டுரையில் எழுதிவிட்டாயா? வேலை நிரந்தரமாகிவிட்டதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

முதலில் அரிசி. கால்டுவெல் சொன்னதை நீங்கள் எனக்குப் பத்து வயதில் சொன்னீர்கள். அதை நம்பித்தான் நான் கிரேக்கம் படிக்கவே கிளம்பினேன். வந்து பார்த்தால் வழியில் ஈரான் குறுக்கே நிற்கிறது. வடமொழியில் ‘வ்ரீஹி’, பாரசீகத்தில் ‘பிரிஞ்ச்’, பஷ்தோவிலும் அதே சாயலில் ஒரு சொல். கிரேக்கச் சொல்லின் நடுவே ஒலிக்கும் மெய்யெழுத்துக்கு ஈரானிய வழிதான் பொருந்துகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. இருக்கலாம். என் பிழைப்பு இப்போது இந்த ஒரு வினைமுற்றில்தான் ஓடுகிறது.

ஆனால் இஞ்சி விஷயத்தில் உங்களை ஏமாற்ற மாட்டேன். நம் ‘இஞ்சி வேர்’ பாலி மொழியில் ‘சிங்கிவேர’ ஆனது. வடமொழிக்காரர்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை. கிழங்கின் வடிவத்தைப் பார்த்தார்கள், கொம்பு என்னும் பொருள்படும் ‘சிருங்க’ என்பதை அதில் ஏற்றி ‘சிருங்கவேர’ ஆக்கினார்கள். இஞ்சிக்குக் கொம்பு முளைத்தது இப்படித்தான். பிறகு கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, லத்தீனில் ‘ஸிங்கிபெர்’, ஜெர்மனில் ‘இங்வர்’. முதலாண்டு லத்தீன் வகுப்பில் இந்த வரிசையைப் பலகையில் எழுதி, கடைசி ‘வர்’ என்பதன் கீழே கோடு போட்டு, “இது எங்கள் மொழியில் வேர்” என்றேன். பதினோரு மாணவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி வேலை. இங்கே 2007இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பொது விதிப்படி, பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பட்டத்துக்குப் பின் ஆறு ஆண்டுகள் வேலை பார்க்கலாம். மருத்துவத் துறைக்கு மட்டும் பின்பகுதி ஒன்பது. அதற்குள் நிரந்தர இடம் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்களை ஓராண்டு, ஈராண்டு என்று வைத்துக்கொண்டே போகக்கூடாது என்பது சட்டம் போட்டவர்களின் எண்ணம். நடப்பது வேறு. 2021இல் ஆய்வாளர்கள் பலர் இதை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினார்கள். எனக்குப் பட்டத்துக்குப் பிந்தைய ஆறில் நான்கு கழிந்துவிட்டன. என் பக்கத்து மேஜையில் இருந்தவர் ஹோமரைப் பாதி மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். போன மாதம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். செடித்தொட்டியை எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.

இங்கே உதவித்தொகைக்கு ‘ஸ்டிபெண்டியும்’ என்று பெயர். ரோமில் அது படைவீரனின் சம்பளம். சம்பளத்துக்கு மட்டுமல்ல, ஓராண்டுப் படைச் சேவைக்கும் அதே சொல்தான். ஒவ்வொரு முறை விண்ணப்பம் எழுதும்போதும் எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

போன வருடம் மியூனிக் போய் அந்தப் பெரிய லத்தீன் பேரகராதி தயாராகும் இடத்தைப் பார்த்தேன். 1894இல் தொடங்கிய வேலை, பெரியப்பா. ஏறக்குறைய ஒரு கோடிச் சீட்டுகள் பெட்டிபெட்டியாக அடுக்கியிருக்கின்றன. ‘பி’ (P) எழுத்து 2010இல்தான் முடிந்தது. ‘என்’ (N) எழுத்தில் நீளமான, சிக்கலான சொற்கள் அதிகம் என்று முன்பு அதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதியவர் யாரோ, எழுத்து அவ்வளவு நிதானம். அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. திரும்பும் ரயிலில் கைப்பேசியைத் திறந்தால், புதிய ஆய்வுத் திட்டத்துக்கான படிவத்தில் ‘எதிர்பார்க்கும் முடிவுகள்’ என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை என்று நினைவூட்டல். முடிவு முன்னமே தெரிந்திருந்தால் எதற்காக ஆராய வேண்டும் என்று எழுதி, உடனே அழித்துவிட்டு, அவர்கள் கேட்டபடி மூன்று முடிவுகளை எழுதி அனுப்பினேன்.

அதே வாரம் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ‘எச்சரிக்கை மிகுதி, துணிவு குறைவு’ என்பது அவர் கருத்து. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தையும் அதையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருவரும் சந்தித்தால் ஒத்துப்போவீர்கள்.

அந்தக் கட்டுரை ‘மத்திகை’ பற்றியது. முல்லைப்பாட்டில் வன்கண் யவனர் இடுப்பில் சுற்றியிருக்கிறார்களே, அந்தச் சாட்டை. கிரேக்கத்தில் ‘மாஸ்டிக்ஸ்’, வேற்றுமை ஏற்கும்போது ‘மாஸ்டிக’. அடிச்சொல்லிலேயே நம் ‘க’ இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இதைத் துணிந்தே சொல்கிறேன். ஆனால் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கும் இன்னொன்றுக்கு நீங்கள்தான் உதவ வேண்டும். அந்த அடிக்கு நச்சினார்க்கினியர் உரை, உங்கள் பழைய பதிப்பில் இருக்கிறபடி, ஒரு எழுத்தும் மாற்றாமல் வேண்டும். உங்கள் விளக்கம் தனித்தாளில் இருக்கட்டும். பென்சில் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள். திருத்திய கட்டுரையை டிசம்பர் 15க்குள் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்