அப்பா விளக்கைக் கேட்ட இரவு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பனிப்புயலின் முதல் இரவில், "அப்பாவை ஆஸ்பத்திரியில் தனியாக விட்டுவிட்டு நீ எதற்கு வீட்டுக்கு வந்தாய்?" என்று தொலைபேசியில் கேட்டாய். நான் ஏதோ உளறிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். இப்போது அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்கிறார். எனக்கும் கோபம் தணிந்திருக்கிறது. அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழக்கூடியது என்பதால், தனிக்கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நீ தவறாக எடுத்துக்கொள்ளமாட்டாய் என்று நம்புகிறேன்.

அன்று காலை அப்பா வாசற்படியில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். வலது இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து பத்தே நிமிடத்தில் அவரை ஏற்றிக்கொண்டது. நான் பின்னாலேயே காரில் 38 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றேன். அந்தப் பரபரப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடியும், காது கேட்கும் கருவியும், மருந்துச் சீட்டுகள் இருந்த உறையும் வீட்டிலேயே தங்கிவிட்டன. பிற்பகல் மூன்று மணிக்கு வலி குறைந்து அவர் கண்ணயர்ந்தார். அறுவை சிகிச்சை மறுநாள் என்றார்கள். புயல் நள்ளிரவுக்குப் பிறகுதான் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்ததால், இரண்டு மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காது கேட்காத மனிதரை அறுவை சிகிச்சைக்கு அனுப்ப மனம் வரவில்லை, அதற்காகத்தான் கிளம்பினேன். நான் திரும்பக் கிளம்பும் முன்பே, மாலை ஆறு மணிக்கே, புயல் வந்துவிட்டது.

நீ இருக்கும் ஊரில் பனி பெய்வதில்லை. பனிப்புயல் என்றதும் நிறையப் பனி கொட்டுவதாக நீ நினைத்திருப்பாய்; உண்மையில் வழியை அடைப்பது காற்று. தொடர்ந்து வீசும் காற்றோ அடிக்கடி எழும் பலத்த வீச்சோ மணிக்கு 56 கிலோமீட்டரைத் தொட்டு, கண்ணுக்கெட்டும் தூரம் 400 மீட்டருக்கும் குறைந்து, அந்நிலை மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அமெரிக்க வானிலைச் சேவை அதைப் பனிப்புயல் என்று வரையறுக்கிறது. விழுந்து கிடக்கும் பனியையும் காற்று வாரி இறைப்பதால், வானத்திலிருந்து ஒரு துளிகூட விழாதபோதும் சாலை மறைந்துபோகும். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருந்து, காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், உடலுக்கு அது மைனஸ் 35 போல உறைக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் உறையத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்றிரவு கிளம்பினேன். இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. உன்னோடு பேசி முடித்த கால் மணி நேரத்தில், காது கருவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காரை எடுத்தேன். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேள்வி உன்னுடையது, புறப்பட்ட புத்தி என்னுடையது. மூன்று கிலோமீட்டர் போக நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு வளைவில் கார் பனிக்குவியலில் புதைந்து நின்றுவிட்டது. சூடு வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புகைக்குழாய் நினைவுக்கு வந்தது. அதன் வாயைப் பனி அடைத்துக்கொண்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறி, உட்கார்ந்தவரை உட்கார்ந்தபடியே கொன்றுவிடும். இறங்கி, கைகளால் பனியைத் தோண்டி எடுத்தேன். திரும்ப ஏறியபோது கதவுப் பிடியில் விரல் பட்டது தெரியவில்லை, அந்த அளவுக்கு மரத்திருந்தது.

பனி தள்ளும் வண்டிக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தது என் அதிர்ஷ்டம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பாவுக்கு ஆள் இருக்கிறார்கள். இந்த ரோட்டில் என்னை விட்டால் யாரும் இல்லை" என்றார். அவருடைய பின்விளக்குகளைப் பார்த்தபடியே வீடு திரும்பினேன். 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் வீசிய புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் காருக்குள் சிக்கியவர்களும் உண்டு, ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாமல் போனவர்களும் உண்டு. அந்தச் செய்திகளை அப்போதே படித்தவள்தான் நான். படித்தும், அப்பா என்றவுடன் அறிவு வேலை செய்யவில்லை.

வண்டிக்காரர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது. ஊரில் மின்சாரம் போனாலும் மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் உண்டு; உயிர்காக்கும் கருவிகளுக்கு மாற்று மின்சாரம் 10 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க விதிமுறை. சொல்லப்போனால் மின்சாரத்தைவிடத் தண்ணீர்தான் அவர்களைத் திணறடிக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலம் உறைந்தபோது, குழாய்களில் அழுத்தம் இல்லாமல் சில மருத்துவமனைகள் கழிவறைக்குக்கூடத் தண்ணீர் இன்றித் தவித்தன. அப்பா இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டிய செவிலியர் வந்து சேராதவரை, முடிக்க வேண்டியவர் நோயாளியை விட்டு நகர முடியாது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர் இரண்டு இரவுகள் வீட்டுக்குப் போகாமல், காலியாக இருந்த ஓர் அறையில் மடக்குக் கட்டிலில் சில மணி நேரம் படுத்து எழுந்து, திரும்பவும் வேலைக்கு வந்திருக்கிறார். அவருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருப்பார்கள். அதைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் பயந்தது எலும்பைப் பற்றி. உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. முதல் இரவு இரண்டு மணிக்கு அந்தச் செவிலியர் என்னை அழைத்து, "உங்கள் அப்பா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், எனக்குப் புரியவில்லை" என்று, அந்தச் சொல்லைத் தம் நாக்குக்கு வந்தபடி உச்சரித்துக் காட்டினார். விளக்கு. அப்பா விளக்கைக் கேட்டிருக்கிறார். மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறியதும் வார்டின் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லை, காது கேட்கவில்லை, இருட்டு, வலிமருந்தின் மயக்கம், சுற்றிலும் தெரியாத முகங்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தாராம். தலைக்கு மேலே இருந்த சிறு விளக்கைப் போட்டதும் கொஞ்சம் அடங்கினார் என்று செவிலியர் சொன்னபோது, நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்தத் திடீர்க் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். வயதானவர்கள் மருத்துவமனையில் படுக்கும்போது, அதுவும் இடுப்பெலும்பு முறிந்து வரும்போது, அடிக்கடி நேர்வது. இது மறதிநோய் அல்ல; சில மணி நேரத்தில் தொடங்கும், பகலில் தெளிந்து இரவில் கூடும், காரணங்களைக் களைந்தால் பெரும்பாலும் அகலும். சிலர் கத்துவார்கள், சிலர் சத்தமே இல்லாமல் சுருண்டு கிடப்பார்கள், அவர்களை "அமைதியாகத் தூங்குகிறார்" என்று தவறாக எண்ணிவிடுவது இன்னும் ஆபத்து. 1999இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைக் கவனித்தார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு இந்தக் குழப்பம் வந்தது. கண்ணாடி, காது கருவி, போதிய தண்ணீர், இரவில் தூக்கம், பகலில் நடமாட்டம், இன்று என்ன நாள் என்று நினைவூட்டும் பேச்சு ஆகியவற்றைக் கவனமாகக் கொடுத்தவர்களில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. நான் எதை எடுக்க வீட்டுக்கு வந்தேனோ அந்த இரண்டு பொருள்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புயலுக்கு முன்னால் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மாற்றுத்துணியை மறந்தாலும் இவற்றை மறக்கக் கூடாது என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசியில் பேசினால் அவருக்குக் கேட்காது. ஆகவே நான் சொல்வதைச் செவிலியர் கட்டிலுக்கு எதிரே இருந்த வெள்ளைப் பலகையில், கண்ணாடி இல்லாமலும் தெரியும்படி கையகல எழுத்தில் எழுதினார்: இது மருத்துவமனை. இன்று வியாழன். மகள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். பனி நின்றதும் வருவாள். காலையில் அதைப் படித்துவிட்டு அப்பா தலையாட்டினாராம். மறுநாள், காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று வார்டில் இருப்பது வேறொருவருக்கு நினைவு வந்து, எடுத்துக் கொடுத்தார்கள். பல மருத்துவமனைகளில் அது உண்டு. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் இரவே கேட்டிருப்பேன். அந்த ஒரு வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

எப்படி அழைப்பது என்பதையும் நான் தாமதமாகத்தான் கற்றேன். முதல் நாள் அரை மணிக்கு ஒரு தரம் அழைத்து அவர்களை இம்சித்தேன். பிறகு அந்தச் செவிலியரிடமே கேட்டு, ஷிஃப்ட் மாறும் காலை ஏழு மணியையும் மாலை ஏழு மணியையும் தவிர்த்து, மருத்துவர் பார்த்துவிட்டுப் போன பிறகு ஒரு முறையும் இரவு விளக்கணைக்கும் முன் ஒரு முறையும் என்று வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, அவர் மற்றவர்களுக்குச் சொல்வது என்பதும் அவர்கள் கேட்டுக்கொண்டதே. நீ நேராக வார்டுக்கு அழைத்துச் சத்தம் போட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பது இப்போது உனக்குப் புரியும்.

அறுவை சிகிச்சை தள்ளிப்போகும் என்று நாம் இருவருமே பயந்தோம். அவசரமில்லாத எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் இடுப்பெலும்பு முறிவு அந்தக் கணக்கில் வராது. சேர்ந்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குச் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு தரும் வழிகாட்டுதல். தாமதிக்கத் தாமதிக்கப் படுக்கையிலேயே நிமோனியாவும் இரத்தக்கட்டும் வந்து சேரும். அறுவை மருத்துவரும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டதால் மறுநாள் பிற்பகலே முடிந்தது. ஒப்புதலைத் தொலைபேசியில், இரண்டு பேர் சாட்சியாகக் கேட்க, வாங்கிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் சாலை திறந்தது. போனேன். கருவியைக் காதில் வைத்ததும் அப்பா முதலில் கேட்டது, "வீட்டில் கரண்ட் இருக்கிறதா?" என்பதுதான். இல்லை. அன்று காலையில்தான், மறுநாள் அவரை டிஸ்சார்ஜ் செய்யலாம் என்று ஒரு பெண்மணி எனக்குச் சொல்லியிருந்தார். கட்டில் தேவைப்படுகிறது என்ற அவசரம் அவர் குரலில் இருந்தது. வீட்டில் சூடு இல்லை, ஒரு குழாய் உறைந்து வெடித்திருக்கிறது, வாசற்படியில் இன்னும் பனிக்கட்டி கிடக்கிறது, இந்த நிலையில் இவரை எப்படி அழைத்துச் செல்வது என்று கேட்டேன். அதைக் குறித்துக்கொண்டு மேலிடத்தில் பேசி, மின்சாரம் வரும்வரை இரண்டு நாள் நீட்டித்தார். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், வெளியே அனுப்புவது சரிதானா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டின் நிலை அவர்கள் தாளில் எங்கும் இல்லை.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் என்னிடம், அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று தெரியும். முன்பொரு முறை காய்ச்சலுக்கு ஏதோ ஆன்டிபயாட்டிக் கொடுத்து, உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கியது. அன்று அவரோடு இருந்தவன் நீ, நான் இல்லை. வீட்டில் இருந்த உறை முழுவதையும் தரையில் கொட்டித் தேடினேன், அந்தச் சீட்டு இல்லை. உன்னை அழைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அழைக்கவில்லை. நீ கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்ற வீம்பு. "பெயர் தெரியவில்லை" என்று சொன்னேன். அவர் சந்தேகத்துக்குரிய ஒரு வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எல்லாவற்றையுமே ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் அது பனியால் ஆனது என்று என்னால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவின் மருந்துகள், அளவுகள், நோய்கள், மருத்துவர்களின் எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். "ஒத்துக்கொள்ளாதவை" என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த மருந்தின் பெயர் உனக்கு நினைவிருந்தால், அல்லது அந்தப் பழைய சீட்டு உன்னிடம் இருந்தால், இன்றிரவே எழுதி அனுப்பு. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

உன்,
அக்கா