இரண்டு பென்டிரைவ், ஓர் ஒப்பந்தம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மூன்று நாடுகளில் டிஜேவாக, ஹவுஸ் என்ற நடன இசையில் ஒரு செட் (இடைவிடாத பாட்டு வரிசை) வாசிக்க அழைப்பு வந்திருப்பதில் ரொம்பச் சந்தோஷம். "பாட்டை மாற்றி மாற்றிப் போடுவதில் அப்படி என்னடா வேலை?" என்று கேட்டிருக்கிறாய். இதை அவளிடம் மட்டும் கேட்டுவிடாதே.

பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். முதலில் பென்டிரைவ். பெரிய கிளப்புகளில் அநேகமாகப் பென்டிரைவைச் செருகிப் பாட்டு ஓட்டும் பயனியர் சிடிஜே ப்ளேயர்தான் இருக்கும், ஆனால் எந்தக் காலத்து மாடல் என்பது ஊருக்கு ஊர் மாறும். 2020-இல் வந்த சிடிஜே-3000 எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிரைவையும் படிக்கும். 2009-இல் வந்த சிடிஜே-2000 படிக்காது. ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்தால் இரண்டிலும் ஓடும். கோப்பு வகையும் அப்படித்தான். ஃப்ளாக் கோப்பைப் பழைய ப்ளேயர் தொடாது. சில 24 பிட் வேவ் கோப்புகளின் தலைப்புப் பகுதி வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். கணினியில் ஒழுங்காகப் பாடும், கிளப்பில் செருகினால் இ-8305 என்று காட்டி நின்றுவிடும். எல்லாவற்றையும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஏஐஎஃப்எஃப் ஆக மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 10 எம்பி பிடிக்கும், பிடிக்கட்டும். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் பாட்டுகளை அலசிய பிறகு, ஒரே தொகுப்பை இரண்டு டிரைவில் ஏற்றி, ஒன்றைப் பையிலும் மற்றதைச் சட்டைப்பையிலும் வைக்கச் சொல்.

பீட் எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் போடும் பீட் கட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 122 பீட், மற்றது 122.1 என்று வை. ஒரு நிமிடத்தில் பீட்டில் பத்தில் ஒரு பங்கு விலகிவிடும், அதாவது ஏறக்குறைய 50 மில்லி வினாடி. இரண்டு பாட்டின் கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) ஒன்றாக விழாமல், கதவை இரண்டு பேர் தட்டுவது போலக் கேட்கும். ஆள் டிரம்ஸ் வாசித்த பழைய டிஸ்கோ பதிவுகளில் வேகம் பாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும். அங்கே வேகத்தைத் தானே பொருத்தும் சிங்க் பொத்தான் காலை வாரிவிடும். காதால் பிடித்து, ப்ளேயரின் வட்டத் தட்டான ஜாக் வீலை விரலால் லேசாகத் தள்ளித்தான் ஓட்ட வேண்டும்.

மிக்ஸிங்கில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன், மற்றது உனக்கே புரியும். ஹவுஸ் பாட்டு பெரும்பாலும் 32 பீட் கட்டுகளாக நகரும். 122 வேகத்தில் ஒரு கட்டு 16 வினாடிக்குச் சற்றுக் குறைவு. புதுப் பாட்டின் கட்டு, ஓடுகிற பாட்டின் கட்டோடு சேர்ந்து தொடங்க வேண்டும். உள்ளே விடும்போது புதிய பாட்டின் லோ குமிழ் (பேஸ் எனும் அடிச் சுரத்துக்கானது) முழுக்கக் கீழே இருக்கும். அடுத்த கட்டின் முதல் பீட்டில், ஒரு கையால் பழையதின் பேஸை இறக்கி, மறு கையால் புதியதின் பேஸை ஏற்றுவார்கள். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடினால், ஒத்துப்போகும் இடத்தில் 6 டெசிபெல் வரை கூடும். சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் கிளப்பின் லிமிட்டர் மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிடும். ஒத்துப்போகாத இடத்தில் ஒன்றை ஒன்று தின்று, கிக் காணாமல் போகும். "சவுண்டு சரியில்லை" என்று ஆபரேட்டர் மேல் பழி போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். மீதிப் பேர் மிக்ஸரில் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கை எரியவிட்டிருப்பார்கள்.

என்னென்ன கருவி வேண்டும் என்று அமைப்பாளருக்குத் தரும் டெக்னிக்கல் ரைடரில், பூத் மானிட்டர் (வாசிப்பவர் பக்கத்திலேயே வைக்கும் ஸ்பீக்கர்) என்று அவள் கண்டிப்பாக எழுத வேண்டும். ஒலி 10 மீட்டர் கடக்க 29 மில்லி வினாடி ஆகிறது. தூரத்து ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு ஹெட்ஃபோனில் பீட் பொருத்தினால், அவள் காதுக்குச் சரியாக இருக்கும், ஆடுகிறவர்களுக்கு இருக்காது.

இனி நேரம். எத்தனை மணிக்கு, யாருக்கு முன்னால் என்று கேட்காமல் பாட்டுத் தேர்வே செய்யக் கூடாது. முதல் ஆளாக ஏறுகிறவர் நிமிடத்துக்கு 118 பீட்டில் தொடங்கி 121, 122-இல் விட்டுக்கொடுத்தால் போதும். பின்னால் வருபவரின் ஹிட் பாட்டையே எடுத்துப் போட்டு மேடையைக் கொளுத்துகிறவர்களை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஹவுஸ் என்ற பெயரே சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். 1977 முதல் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே வாரா வாரம் அதே அறையில், அதே கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார். 1998-இல் ரீமிக்ஸுக்கு கிராமி விருது முதல் முறையாகத் தரப்பட்டபோது வாங்கியவரும் அவரே. உள்ளூர் கிளப்பில் வாரம் ஒரு நாள் ரெசிடென்ட்டாக, அதாவது நிரந்தர டிஜேவாக, இருப்பதை அவள் விட்டுவிட வேண்டாம் என்பேன். விமானம் ஏறி 90 நிமிடம் வாசித்துவிட்டு வருவதில் இந்தப் பயிற்சி கிடைக்காது.

பணத்துக்கு வருகிறேன், இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் பல நாடுகள் அங்கேயே வரி பிடித்துக்கொள்ளும். ஒரே இரவு வாசித்தாலும் சரி. ஒப்பந்தத்தில் 1000 யூரோ என்று மட்டும் இருந்து, வரி 20 சதவீதம் என்றால் கைக்கு வருவது 800. "வரி போக 1000" என்று இருந்தால் அமைப்பாளர் 1250 ஒதுக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்கு 200 யூரோ மதிப்பு! பிடித்த வரிக்குச் சான்றிதழ் வாங்கி வைத்தால், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடு என்றால் சொந்த ஊர்க் கணக்கில் கழிக்க வழி உண்டு. ஏஜெண்ட் கமிஷன் மொத்தத் தொகையிலா, வரி போனதிலா என்பதையும் எழுத்தில் கேட்கணும். பாதித் தொகை முன்பணமாக வராமல் டிக்கெட் போடக் கூடாது.

விசாவில் விளையாடவே கூடாது. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வாசித்தால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த விண்ணப்பத்திலும் அது பின்தொடரும். அமெரிக்கா என்றால் ஓ-1 போன்ற கலைஞர் விசா. அங்குள்ள தரப்பு ஐ-129 மனு போட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

காது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். பூத் மானிட்டர் அதைச் சுலபமாகத் தாண்டும். பஞ்சு வேண்டாம், அது உச்ச சுரத்தை மட்டும் விழுங்கும். காது அச்செடுத்துச் செய்யும், எல்லா சுரத்தையும் சமமாகக் குறைக்கும் 15 டெசிபெல் அடைப்பான் வாங்கிக் கொடு. பிறந்தநாள் பரிசாக வேறு எதையும் யோசிக்காதே.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு. நிகழ்ச்சி ரத்தானால் யார் எவ்வளவு தருவது என்ற பத்தியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கையெழுத்து அதுவரை பொறுக்கட்டும்.

அன்புடன்,
ரகு