கால்பந்து நடுவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, சேலம், 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கி முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கும் ஏற்காடு நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்த நம் மூத்த நடுவர் மார்ச் மாதம் காலமானார். பிளாஸ்டிக் விசில் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவர் பித்தளை விசிலை விடவில்லை. ஏற்காட்டு மழையில் உள்ளே இருக்கும் தக்கை உருண்டை ஊறி ஒட்டிக்கொண்டால், சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுப்பார். இரண்டு விசில் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்காதே என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அந்த இரண்டு விசிலையும் அவர் வீட்டார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அறிக்கையைத் தொடருமுன் அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று மாலைக்குள் கட்டிவிட வேண்டுகிறேன்.

இனி நான் நெடுநேரம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கு எந்த மேட்ச் டூட்டி போடுகிறோம் என்பது பற்றியது அது.

ஆகஸ்ட் மாதம் சேலத்தில் நடந்த ஒரு செமி ஃபைனல். ஸ்கோர் 1-1. கடைசி ஐந்து நிமிடத்தில் வலது பக்கமிருந்து வந்த கிராஸை மறிக்கத் தாவிய தடுப்பாட்டக்காரரின் கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. பந்து முழங்கையில் பட்டுத் திசை மாறியது. நம் நடுவர் பத்தடி தூரத்தில் இருந்தார், நடுவில் யாரும் மறைக்கவில்லை. பெனால்டி கொடுத்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்த முடிவில் ஒரு தவறும் இல்லை. பெனால்டி கோலானது, அந்த அணி ஃபைனலுக்குப் போனது.

ஆட்டம் முடிந்து நடுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தோற்ற அணியின் பெரியவர் ஒருவர் வந்தார். சத்தம் போடவில்லை. "சார், கை பட்டதை நானும் பார்த்தேன். ஆனா உங்க அக்கா பையன் அந்தப் பக்கம் பெஞ்சுல உட்கார்ந்திருக்கான்ல" என்றார். நம் நடுவர் பதில் சொல்லாமல் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். அவிழ்த்த லேஸையே மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

அந்த நடுவர் மேல் துளிக் குற்றமும் கிடையாது. மேட்சுக்கு இரண்டு நாள் முன்னாலேயே எனக்குப் போன் பண்ணி, "அண்ணே, எங்க அக்கா பையன் அந்த டீம்ல சப்ஸ்டிட்யூட்டா இருக்கான், வேற ஆளப் போட்டுடுங்க" என்று அவர் சொன்னார். அன்றைக்கு இரண்டு பேர் வெளியூரில், ஒருவருக்குக் காய்ச்சல். "பெஞ்சுலதானப்பா இருக்கான், நீ நேர்மையானவன்னு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். சரியான முடிவு கொடுத்த ஒரு மனிதரை, விசில் ஊதுவதற்கு முன்பே சந்தேகத்தில் நிறுத்தியவன் நான்தான். பொதுக்குழு முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய லீக்குகளில் இதற்கென்று எழுதிவைத்த ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக் நடுவர்கள் தாங்கள் எந்த அணியின் ரசிகர் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். அந்த அணியின் மேட்ச் அவர்களுக்குத் தரப்படாது. உலகக் கோப்பையில் ஆடும் இரண்டு நாடுகளில் எதையும் சேராதவரே நடுவராக நிற்பார். 2022 ஃபைனலில் அர்ஜென்டினாவுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே நின்றவர் போலந்தின் ஷிமோன் மார்சினியாக். நடுவர் நேர்மையற்றவர் என்று சந்தேகப்பட்டு வைத்த விதிகள் அல்ல இவை. அவருடைய நேர்மையைப் பார்க்கிற கண்ணுக்கு நடுவில் வேறு எதுவும் வந்து நிற்கக் கூடாது என்பதற்காக வைத்தவை.

டூட்டி போடுகிற மேசை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 2006இல் இத்தாலி பார்த்தது. நடுவர்களை நியமிக்கும் பொறுப்பில் இருந்தவர்களோடு கிளப் நிர்வாகிகள் போனில் பேசிவந்தது ஒட்டுக்கேட்புப் பதிவுகளில் வெளியானது. யுவென்டஸ் அணியிடமிருந்து இரண்டு சாம்பியன் பட்டங்கள் பறிபோயின, அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. எந்த மேட்சுக்கு யார் வருவார் என்ற பேச்சிலேயே அவ்வளவும் தொடங்கியது என்பதை நினைத்தால், என் வீட்டு மேசை மேல் கிடக்கும் டூட்டி நோட்டைத் தொடவே கை கூசுகிறது.

ஆகவே செப்டம்பர் செயற்குழுவில் எடுத்த முடிவுகள், உங்கள் ஒப்புதலுக்காக. டூட்டி போடுவது இனி செயலாளர் ஒருவரின் வேலை அல்ல. மூன்று பேர் குழு போடும், மூன்று பேரும் நோட்டில் கையெழுத்து இடுவார்கள். டோர்னமெண்ட் தொடங்குமுன் ஒவ்வொரு நடுவரும் எந்த அணியில் தனக்கு உறவு, வேலை, கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்கா மகனும் உறவுதான். வேறு ஆள் கிடைக்காவிட்டால் மேட்சைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்போம். தள்ளிவைக்க மறுக்கும் டோர்னமெண்டுக்கு நடுவர் அனுப்ப மாட்டோம். வருமானம் குறையும் என்று பொருளாளர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மைதான், இருந்தாலும் நான் இதில் பின்வாங்கப்போவதில்லை.

ஓய்வு பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் - லிவர்பூல் மேட்சில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோல் மைதானத்தில் ஆஃப்சைடு, அதாவது விதியை மீறி முன்னால் நின்றார், கோல் செல்லாது என்று தரப்பட்டது. வீடியோ பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். அறையில் இருந்தவரோ மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். தவறு புரிவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு முடிவை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு நாள் முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு மேட்சுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். களைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை மாலை ஏற்காட்டில் ஊதிவிட்டு, இருட்டில் மலை இறங்கி, ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சேலத்தில் இன்னொரு மேட்ச் ஊதச் சொல்லி நான் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இனி மலையில் டூட்டி முடித்தவருக்கு மறுநாள் டூட்டி கிடையாது.

அந்த மேட்சில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து வைத்த அறையிலேயே, நீ என்ன கொடுத்தாய், நான் என்ன பார்த்தேன் என்ற இரண்டு வாக்கியம் சரியாகப் பரிமாறப்படவில்லை. நம்மிடம் இயர்போன் கிடையாது, கொடியும் கண்ணும்தான். அதனால்தான் மேட்சுக்கு முன் நடுவரும் இரண்டு லைன்ஸ்மேனும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கோல் என்றால் நடுவர் கண்ணைப் பார்த்துவிட்டு நடுக்கோட்டை நோக்கி ஓடு. சந்தேகம் என்றால் ஓடாதே, நின்ற இடத்தில் நில். இவ்வளவுதான் பேச்சு. டீ குடித்துக்கொண்டே பேசிவிடலாம்.

ஏற்காட்டு மூடுபனி மேட்சைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். நவம்பரில் நடந்தது. முதல் பாதி வெயிலில் முடிந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையிலிருந்து பனி இறங்கி, முதலில் கார்னர் கொடி காணாமல் போனது, பிறகு அந்தப் பக்கத்து லைன்ஸ்மேன். நம் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கோலின் நடுவில் போய் நின்றார். எதிர்க் கோல் தெரியவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தார். இடையில் இரண்டு முறை பனி விலகுவது போல் விலகி மறுபடி மூடியது. ஆட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார். 2-0 என்று முன்னிலையில் இருந்த எஸ்டேட் அணியினர் கடும் கோபத்தில் இருந்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்க முடியாததற்கு விசில் ஊதக் கூடாது. நிறுத்துவதும் கைவிடுவதும் நடுவரின் அதிகாரம். ஸ்கோரை வைத்துக்கொள்வதா மறு ஆட்டமா என்று சொல்வது போட்டி நடத்துபவர்களின் வேலை. அவர் நமக்கு அனுப்பிய மேட்ச் ரிப்போர்ட்டில் நிறுத்திய நேரம், காத்திருந்த நேரம், எந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பது வரை எழுதியிருந்தார். புதிய உறுப்பினர்கள் அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

சட்ட வகுப்புகள் நான்கு நடந்தன. ஜூலை 1 முதல் வந்த மாற்றங்களில் கோல்கீப்பர் விதிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முன்பு ஆறு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரே கோல் அடிக்க முடியாத உதை. புத்தகத்தில் இருந்ததே தவிர அதைக் கொடுத்தவர்கள் மிக அரிது, நானும் கொடுத்ததில்லை. இப்போது எட்டு விநாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். பார்ப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து எண்ணுவதால் கோல்கீப்பர்கள் ஐந்தாவது விரல் மடங்குமுன் பந்தை உதைத்துவிடுகிறார்கள். தண்டனையை விட எண்ணிக்கை நன்றாக வேலை செய்கிறது என்பது என் கருத்து. பெனால்டி அடிக்கும்போது வழுக்கி, தன்னையறியாமல் இரு காலிலும் பந்து பட்டுக் கோலானால் மறுபடி அடிக்கவைக்க வேண்டும் என்பதும் இந்த ஆண்டு வந்த தெளிவுரைதான். மார்ச் மாதம் ரியால் மாட்ரிடுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டில் அட்லெடிகோ மாட்ரிட் வீரர் ஜூலியன் ஆல்வரெஸின் கோல் செல்லாது என்று ஆனதைத் தொடர்ந்து வந்தது.

ஒரு வகுப்பு முழுவதும் 2023 மார்ச் 3 பெங்களூரு மேட்சிலேயே போய்விட்டது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பிளே ஆஃப், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் பந்தை மறிக்க ஆட்களைச் சுவராக நிறுத்திக்கொண்டிருக்கும்போதே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார், நடுவர் கோல் கொடுத்தார், கேரள அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. பிறகு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 மேட்ச் தடை. அந்த முடிவு சரியா தவறா என்று நம்மவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. சட்டப்படி ஃப்ரீ கிக்கை உடனே அடிக்கலாம். எதிரணி தள்ளி நிற்க வேண்டிய தூரத்தை நடுவர் அளக்கப் போய்விட்டால் விசில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்பது இரண்டு அணிக்கும் சந்தேகமின்றித் தெரிய வேண்டும். விசிலை உயர்த்திக் காட்டி, "விசிலுக்கு அடி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அப்புறம் 9.15 மீட்டர் அளக்கப் போங்கள்.

இந்த ஆண்டு இரண்டு பெண்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். திண்டுக்கல் ரூபா தேவி 2016இலேயே ஃபிஃபா நடுவராகிவிட்டார். 2022 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகா - ஜெர்மனி மேட்சை பிரான்ஸின் பெண் நடுவர் ஸ்டெஃபனி ஃப்ராப்பார்ட் நடத்தினார். நாம் மட்டும் இவர்களைப் பள்ளி மாணவிகள் மேட்சோடு நிறுத்திவைப்பது நியாயமில்லை. டிசம்பரில் ஒருவர் ஆண்கள் லீக் மேட்சில் லைன் பார்த்தார். முதல் அரை மணியில் மூன்று ஆஃப்சைடு, மூன்றும் சரி. உடை மாற்ற இடமில்லாமல் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு போனார் என்பதை மேட்ச் முடிந்த பிறகுதான் அறிந்தேன். உடை மாற்ற ஓர் அறையோ மறைப்போ ஏற்பாடு செய்யாத மைதானத்துக்கு இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்று தீர்மானம் முன்மொழிகிறேன்.

மலைக்குப் போகிறவர்களுக்குப் பயணப்படி உயர்த்துவது, லைன்ஸ்மேன் கொடிகள் புதிதாக வாங்குவது, புதிய உறுப்பினர்களுக்கு ஓட்டத் தேர்வு வைப்பது ஆகிய மூன்றும் பொதுக்குழுவின் விவாதத்துக்கு உள்ளன. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கள் வீட்டு ஆட்களை நமக்கு விட்டுக்கொடுக்கும் குடும்பத்தாருக்கும், வகுப்பு நடத்த ஹால் கொடுத்த பள்ளிக்கும், கூட்டம் முடியும்வரை தட்டு வடை செட் அனுப்பிக்கொண்டே இருந்த கடைக்காரத் தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

டூட்டி நோட்டு இன்று இந்த மேசையில் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்