எந்தச் செய்திக்கு எந்தத் தளம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு போனும் கையுமாக இருக்கும் மேலப்பாளையம், கடையநல்லூர் வீட்டாரும் கேட்பது ஒன்றுதான்: உலகச் செய்திக்கு எந்த வெப்சைட் நல்லது? தேவை என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அன்றாட நடப்புக்குச் செய்தி நிறுவனங்களே போதும். பத்திரிகைகளில் வரும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி மூன்றிலிருந்து எடுத்தவைதான். ஏபி தளத்தைக் காசில்லாமல் படிக்கலாம். ராய்ட்டர்ஸ் பதிவு செய்யச் சொல்லும், சந்தாவும் கேட்கும். ஏஎஃப்பி செய்தியை ஊடகங்களுக்கு விற்பதே வழக்கம். ஆனால் அதன் உண்மை சரிபார்ப்புப் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தமிழில் பின்னணி தெரிந்துகொள்ள பிபிசி தமிழ் உதவும். அல் ஜசீரா மேற்காசியாவை ஆழமாக எழுதும். கத்தார் அரசின் பணத்தில் நடப்பதால், கத்தார் விவகாரத்துக்கு மட்டும் வேறொன்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

விசா, தொழிலாளர் சட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் கதை வேறு. அமீரகத்துக்கு வாம், சவுதிக்கு எஸ்பிஏ, குவைத்துக்கு குனா என அந்தந்த அரசின் செய்தி நிறுவனம் இருக்கிறது. அரசைக் குறை சொல்லும் செய்தியை அங்கே தேடிப் பயனில்லை. ஆனால் அறிவிப்பு உண்மையா, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதற்கு அதுதான் முதல் இடம். வான்வெளி மூடல் என்றால் விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். செய்திக்காகக் காத்திருப்பானேன்?

எந்தத் தளமானாலும் தலைப்போடு நிறுத்தக்கூடாது. முதல் வரியில் செய்தி எங்கிருந்து வந்தது என்று ஊர்ப் பெயர் இருக்கிறதா, சொன்னது யார், கடைசியாகத் திருத்திய நேரம் என்ன என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் போடும் ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) இரவு 8 மணி நமக்கு மறுநாள் அதிகாலை 1.30, தேதியே மாறிப்போகும். கரண்ட் அஃபேர்ஸ் குறிப்பெடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த சறுக்கல் தொகை: மில்லியன் 10 லட்சம், பில்லியன் 100 கோடி. பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பாமல் எண்ணை மட்டுமாவது மூலத்தில் சரிபார்க்க வேண்டும். போர், நிலநடுக்கம் என்றால் முதல் சில மணி நேரத்தில் வரும் பலி எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அதை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.

படம் சந்தேகமாக இருந்தால் குரோமில் அதை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய படமென்றால் பெரும்பாலும் முந்தைய வெளியீடுகள் வந்துவிடும். வீடியோவுக்கு ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேட வேண்டும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. உலகப் பக்கத்தில் 'ஏஜென்சி' என்று பொதுவாகப் போடாமல், எந்த நிறுவனத்தின் செய்தி என்று பெயரோடு அச்சிட்டால், மூலத்தைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை