குடித்தவரை யார் இறக்கிவிடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வருபவர்களைப் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றவே கூடாது என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. பல ஆண்டுகளாக இரவு நேரத்தில் பயணம் செய்துவரும் பெண் என்ற முறையில் அந்தக் கோபத்தை நான் நன்கு அறிவேன். போதையில் மேலே சாய்ந்தவரிடமிருந்து விலகி, மீதித் தொலைவை நின்றபடியே கடந்திருக்கிறேன். ஆயினும், வாடை வீசுகிறது என்பதற்காகவே ஒருவரை ஏற்ற மறுத்தால், அவர் தம் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து வீடு திரும்புபவர் திரும்பட்டும். வண்டிக்குள் குடிப்பதும் பிறருக்குத் தொல்லை தருவதுமே தடுக்கப்பட வேண்டியவை.

வண்டிக்குள் குடிப்பதைத் தடுப்பது எளிது. லண்டனில் 2008 ஜூன் 1 முதல் பேருந்துகளிலும் சுரங்க ரயில்களிலும் மது அருந்துவதும், திறந்த மதுப்புட்டியை வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டன. கையில் இருக்கும் புட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதால் இத்தகைய விதியில் வாதத்துக்கு இடமில்லை.

தொல்லை தருபவரைக் கையாள்வதுதான் கடினம். குடித்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் இரத்தத்தில் மதுவின் அளவு உச்சத்தை எட்டும் என்பதால், புறப்படும் நேரத்தில் அவசரமாகக் குடித்துவிட்டு நிதானமாக ஏறுபவர் பாதி வழியில்தான் நிலைதவறுகிறார். வாசலில் செய்யும் சோதனை அவரைப் பிடிக்காது. விமானத்தில் இப்படி நேர்ந்தால், 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கையின்படி அவரைக் கட்டுப்படுத்தவும், தரையிறங்கியதும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் விமானிக்கு அதிகாரம் உண்டு. இரவுப் பேருந்தின் நடத்துநரோ தனி ஆள். அவர் கண்டித்தால் அடி விழலாம். கண்டுகொள்ளாவிட்டால் பயணிகள் ஏசுவார்கள். வேறு வழியின்றி நடுவழியில் இறக்கிவிடப்பட்ட ஒருவர், இருட்டில் சாலையின் நடுவே தள்ளாடி நடந்துபோனதை ஒருமுறை ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

ஆகவே, போக்குவரத்து நிர்வாகங்கள் நடத்துநர் உடனடியாக உதவி கோர ஓர் எண்ணைத் தர வேண்டும். வெளிச்சமும் ஆட்களும் உள்ள அடுத்த நிலையத்தில் அந்தப் பயணியைப் பொறுப்பேற்கக் காவலர் காத்திருக்க வேண்டும். முறையிடும் பெண்ணிடம், ‘நீங்கள் வேறு இருக்கைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி முடித்துவிடும் வழக்கமும் இன்றோடு நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
இரவு நேரப் பயணி ஒருவர்