பழைய மின்சாதனத்தை மீளப் பெறுவது விற்பவரின் கடமையாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் மின்சாதனக் கடைகள் பெருகிவிட்டன. தவணை முறையில் தொலைக்காட்சியோ சலவை இயந்திரமோ வாங்குவது இன்று எவருக்கும் எளிது. ஆனால் பழுதாகிப்போன சாதனத்தை எங்கே ஒப்படைப்பது என்று அதே கடையில் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. அண்மையில் எங்கள் வீட்டில் புதிய குளிர்சாதனப் பெட்டியை இறக்கியவர்கள், வாசலில் எடுத்து வைத்திருந்த பழையதை ஏற்ற மறுத்து, லொறியை வெறுமையாகவே திருப்பிக்கொண்டு போனார்கள்.

பிறகு அது பழைய இரும்பு வாங்குபவரிடம் போனது. அவர் ஒழுங்கையிலேயே வைத்து இரும்பறுக்கும் வாளால் கம்பிரசரின் குழாயை அறுத்தார். உள்ளிருந்த வாயு சீறிக்கொண்டு காற்றில் கலந்தது. எண்ணெய் மணலில் வடிந்தது. செம்பையும் இரும்பையும் எடுத்துக்கொண்டவர், விலைபோகாத ரெஜிபோமையும் பிளாஸ்டிக்கையும் வேலியோரம் விட்டுச் சென்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அது அவருடைய பிழைப்பு. ஆயினும், நமது கரையோரம் முழுவதும் மணற்பாங்கான நிலம் என்பதையும், பெரிதும் ஆழமில்லாத கிணறுகளை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும், மணலில் ஊற்றியது கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது என்பதையும் எண்ணும்போது இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க முடியவில்லை. பழைய தொலைக்காட்சிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புக்காக வயர்களை எரிக்கும்போது பீ.வி.சி. உறையிலிருந்து டயொக்சின் எனும் கொடிய நச்சு வெளியாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்தப்பட்ட, அதாவது ஆபத்தானவை எனப் பட்டியலிடப்பட்ட, கழிவுகளைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. இலத்திரனியல் கழிவும் அவற்றுள் அடங்கும். ஆனால் விற்ற கடை பழையதைத் திரும்ப ஏற்க வேண்டும் என்ற கடமை அவ்வொழுங்குவிதிகளில் விதிக்கப்படவில்லை. அனுமதி பெற்ற நிறுவனம் எங்கோ இருக்க, பழைய சாதனம் பாண்டிருப்பிலோ ஏறாவூரிலோ கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை யார் கடப்பது என்பதே தீர்க்கப்படாத கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் இக்கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லியிருக்கிறது. அங்கு 2012 ஆம் ஆண்டின் பணிப்புரையின்படி, புதிய சாதனம் ஒன்றை விற்கும் வணிகர், அதே வகையான பழையது ஒன்றைக் கட்டணமின்றி ஏற்க வேண்டும். மின்சாதனங்களுக்கான விற்பனைப் பரப்பு 400 சதுர மீற்றருக்குக் குறையாத கடைகளோ, எப்பக்கமும் 25 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறு சாதனங்களை, எதையும் வாங்காதவர் கொண்டுவந்தாலும் பொதுவாக ஏற்றாக வேண்டும். மீள்சுழற்சிச் செலவு உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் சாரும். அயலில் இந்தியாவும் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளில் அப்பொறுப்பை உற்பத்தியாளர் மீதே சுமத்தியுள்ளது.

இது நமக்கு இயலாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பண்டிகைக் காலத்தில் 'பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யும்போது இதே வணிகர்கள் பழைய தொலைக்காட்சிகளை ஏற்றுக்கொள்ளத்தானே செய்கிறார்கள்? அப்போது இடமும் வாகனமும் ஆட்களும் கிடைக்கின்றன. விற்பனையைப் பெருக்குவதற்குச் செய்ய முடிந்ததை, விற்ற பொருளுக்குப் பொறுப்பேற்பதற்கும் ஆண்டு முழுவதும் செய்யலாம். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லொறிகள் இருக்கையில் தனி வாகனமும் அதிகம் தேவைப்படாது.

சிறு பொருட்களில்தான் எனக்குக் கூடுதல் கவலை. சீ.எப்.எல். மின்குமிழ் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. அது உடைந்து வீட்டுக் குப்பையோடு போகிறது. கைத்தொலைபேசியின் வீங்கிய பற்றரி, குப்பை அள்ளும் வாகனத்தில் நசுங்கித் தீப்பற்றக்கூடும். ஆபத்து அங்கு வேலை செய்யும் தொழிலாளிக்குத்தான். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022 இல் உலகெங்கும் பரவியது. சாதாரணக் குப்பையையே காக்க முடியாத இடங்களுக்குப் பாதரசத்தையும் ஈயத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. சாதனத்தை உடைக்காமல், பாகங்களைக் கழற்றி விற்காமல் முழுதாக ஒப்படைக்க வேண்டும். கம்பிரசர் இல்லாத வெறும் பெட்டியை ஏற்கச் சொல்வது கடைக்காரருக்கு நியாயமாகாது. எரிந்துபோன குமிழைப் புதியதன் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். கைத்தொலைபேசியாயின் சிம் அட்டையை எடுத்து, உள்ளிருப்பவற்றை அழித்துவிட்டுத் தர வேண்டும்.

சுற்றாடல் அமைச்சு, ஒன்றுக்கு ஒன்று மீளப் பெறும் விதியை, முதலில் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றுக்கேனும் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். சிறிய கடைக்காரர்கள் நட்டப்படாதவாறு செலவை இறக்குமதியாளரிடமும் உற்பத்தியாளரிடமுமே அறவிட வேண்டும். அதுவரை, கல்முனை, மட்டக்களப்பு மாநகர சபைகள் பொதுச் சந்தைகளில் குமிழ்களுக்கும் பற்றரிகளுக்கும் மூடியிட்ட பெட்டிகளை வைக்க வேண்டும். அத்தோடு, அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களின் விபரங்களையும் அவர்கள் நம் பகுதிக்கு வரும் நாட்களையும் தமிழில் அறிவிக்குமாறு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்முனை.